சதுர அடி ரேட்டை நம்பாதீர்கள்

புது வீட்டுக்குச் சதுர அடி ரேட் ஓரளவு பொருந்தும். பழைய வீட்டைப் புதுப்பிக்கப் பொருந்தாது. குளியலறைத் தரையை உடைத்த பிறகுதான் குழாய் இற்றுப்போனதும், தளத்தின் கம்பி துருவேறி உப்பியதும் தெரியவரும். இடித்த கழிவை அள்ளும் வண்டிக்கூலிகூட அந்த ரேட்டில் பெரும்பாலும் சேராது. எனவே குறைந்த ரேட் சொல்பவர் மலிவானவர் என்பதைவிட, பாதி வேலையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். இடிப்பு, பிளம்பிங், நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ் என வேலைவாரியாக, பொருளின் பிராண்டோடு எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். பதிவுபெற்ற ஒப்பந்ததாரர் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதும் அதில் இருக்கட்டும்.

‘தெரிஞ்ச மேஸ்திரிதானே, எழுத்தெல்லாம் எதுக்கு?’ என்பார்கள். தெரிந்தவர் என்பதாலேயே பிறகு கேட்க வாய் வராது. தவிர, கூடுதல் வேலைக்குக் கூலி கேட்க அவருக்கும் அந்தத் தாள்தான் பிடிமானம். சுவரை எடுப்பதாக இருந்தால் மேஸ்திரியின் சொல் போதாது. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தாக வேண்டும். ஆளின் தரத்தை அறிய, அவர் முடித்து இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டைப் போய்ப் பாருங்கள். புதுப் பெயின்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். டைல்ஸ் ஒட்டுமுன் வடிகாலை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் காட்டுவாரா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.