ஜீப்புக்கு ஒரு ஏர் டேங்க்

தாம்பரம் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயின் நிற்கும்போது, பெட்டிக்கு அடியில் ஒரு மோட்டார் இரைச்சலோடு ஓடி, சற்று நேரத்தில் தானாக நின்றுவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதுதான் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர். அது ஓயாமல் ஓட வேண்டியதில்லை. காற்றைச் சேமித்து வைக்க டேங்க் இருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடும் பஸ், லாரிகளிலும் இதே ஏற்பாடுதான். இதை ஜீப்பில் செய்வது எப்படி என்பதே இக்கட்டுரை.

ஞாயிறுதோறும் நான் வேலை பழகும் பட்டறைக்கு, கோவளம் பக்கம் மணலில் ஜீப் ஓட்டுபவர்கள் வருவார்கள். மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றை 18 பாயின்ட்டுக்கு இறக்குவார்கள். தார் ரோட்டில் ஏறுமுன் மறுபடி 32 ஆக்க வேண்டும். அதற்காக வண்டியிலேயே சின்ன கம்ப்ரசர் இருக்கும். "டேங்க் போட்டா சீக்கிரம் காத்து ஏறிடுமா தம்பி?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

பாயில் விதிப்படி கணக்குப் போடுவோம். டயரின் உள்ளளவு சுமார் 60 லிட்டர் என்று கொள்வோம். 14 பாயின்ட் என்பது ஏறக்குறைய 1 பார். எனவே ஒரு டயருக்கு 60 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். நாலுக்கும் 240 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும் கம்ப்ரசருக்கு இது 6 நிமிட வேலை. இப்போது 8 பார் நிரம்பிய 10 லிட்டர் டேங்க் 3 பாருக்கு இறங்கினால் கிடைப்பது 10 × 5 = 50 லிட்டர்தான். ஒரு டயருக்கே பத்தாது! மிச்சமாவது ஒன்றேகால் நிமிடம்.

அப்படியானால் டேங்க் எதற்கு? ஒரு டயரிலிருந்து அடுத்ததற்கு ஹோஸை மாற்றும் நேரத்திலும் கம்ப்ரசரின் உழைப்பு வீணாகாது. டேங்க் நிரம்பியதும் கம்ப்ரசர் நின்று சூடு ஆறும். ரிம்மை விட்டு நகர்ந்த டயரை உட்கார வைக்க ஒரே வீச்சில் காற்று கிடைக்கும். டேங்க் காற்றை உண்டாக்குவதில்லை, சேர்த்துத்தான் வைக்கிறது.

பொருத்தும் வரிசை:

1. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கும். சூடு தாங்கும் ஹோஸ் தேவை.
2. டேங்கின் வாயில் செக் வால்வு. காற்று திரும்பாது.
3. பிரஷர் சுவிட்ச்: 6 பாரில் ஓடவிட்டு, 8 பாரில் நிறுத்தும். மின்சாரம் ரிலே, ஃப்யூஸ் வழியாக.
4. கேஜ், சேஃப்டி வால்வு. சேஃப்டி வால்வுக்கும் டேங்குக்கும் நடுவே எந்த அடைப்பானும் கூடாது.
5. அடியில் டிரெயின் காக். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். உபயோகித்தபின் திறந்துவிட வேண்டும்.

அடுத்த கேள்விதான் ஆபத்தானது: "பழைய சிலிண்டர் ஒண்ணு சும்மா கெடக்கு, வெல்டு வெச்சுக் குடுங்களேன்!"

கூடவே கூடாது. 8 பார் நிரம்பிய அந்த 10 லிட்டர் டேங்க் வெடித்தால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 10 கிலோஜூல். 50 கிலோ சிமென்ட் மூட்டை 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்! அதுவும் சீட்டுக்குக் கீழே! லாரிகளுக்கான புது பிரேக் டேங்கை வாங்குங்கள். தாங்கும் அழுத்தம் குறிக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அதன் உடம்பில் வெல்டிங் வேண்டாம், பட்டை போட்டு இறுக்குங்கள். சோதிப்பதானால் தண்ணீர் நிரப்பி, ஒன்றரை மடங்கு, அதாவது 12 பார் வரை, கைப்பம்பால் ஏற்றுங்கள். தண்ணீர் அமுங்காது, எனவே டேங்க் விட்டாலும் கசியுமே தவிர சிதறாது. காற்றால் சோதிப்பது தற்கொலைக்குச் சமம்.

தொழிற்சாலையில் அழுத்தக் கலங்களுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. ஜீப்பின் சீட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. அங்கே காவல் நிற்க வேண்டியது டிப்ளமோ படித்த நாம்தான். "முடியாதுங்க" என்று சொல்வதும் நம் தொழிலில் ஒரு பகுதியே!