மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாள்

அமெரிக்காவில் வசிக்கிறோம். 10 வயது மகள் சாஃப்ட்பால் அணியில் சேர்ந்திருக்கிறாள். எங்களுக்கு அந்த ஆட்டமே தெரியாது. என்ன வாங்குவது, எதைக் கவனிப்பது?

பெற்றோருக்கு ஆட்டம் தெரியாதது குறையே அல்ல. 10 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பந்தின் சுற்றளவு 11 அங்குலம். வீசும் தூரம் 35 அடி. அடுத்த பிரிவில் இவை 12 அங்குலம், 40 அடி என்று கூடும்.

முதலில் வாங்க வேண்டியது கையுறை. வலக்கையால் எறியும் குழந்தைக்கு அது இடக்கையில் அணிவது. குழந்தையால் எளிதாக மூட முடிகிற அளவே சரி. வளர்ந்தபின் உதவும் என்று பெரிதாக வாங்கினால் பந்து நழுவும். மட்டையை ஒரு கையால் நீட்டிச் சற்று நேரம் பிடிக்க முடியாவிட்டால் அது கனம் அதிகம். மட்டை பிடிக்கும்போது கம்பிவலையுள்ள ஹெல்மெட்டும், பந்து வீசும்போது முகக்கவசமும் அவசியம். அடித்த பந்து அரை நொடிக்குள் முகத்துக்கு வந்துவிடலாம்.

கையைச் சுழற்றிக் கீழிருந்து வீசுவது தோளுக்குப் பளுவான வேலை. வீசிய மறுநாள் ஓய்வு நல்லது. வலித்தால் வீச்சை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆட்டத்தின் நடுவே திருத்துவது பயிற்சியாளரின் பொறுப்பு. பெற்றோரின் பங்கு கைதட்டி உற்சாகப்படுத்துவதும், வீடு திரும்பும் வழியில் தவறுகளைக் கிளறாமல் இருப்பதும்தான்.