ஒரு கதை, இரண்டு முடிவுகள்

கேள்வி: கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். சமகால அமெரிக்கப் புனைகதையின் யதார்த்தப் போக்கை மாணவர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

பதில்: நாவலில் தொடங்காதீர்கள். ரேமண்ட் கார்வரின் ஒரே கதையை இரண்டு வடிவங்களில் கொடுங்கள். மகனின் பிறந்தநாளுக்கு கேக் சொல்லிவிட்டு வருகிறாள் தாய். பிறந்தநாளன்று பையன் காரில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். விஷயம் தெரியாத கடைக்காரர் போன் மேல் போன் போடுகிறார். 1981இல் வந்த 'தி பாத்' ஒரு போன் குரலோடு சட்டென்று அறுந்து நிற்கும். எடிட்டர் கோர்டன் லிஷ் வெட்டிச் சுருக்கிய வடிவம் அது. 1983இல் 'கதீட்ரல்' தொகுப்பில் வந்த 'எ ஸ்மால், குட் திங்' கதையிலோ, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை உட்காரவைத்து அதே கடைக்காரர் சூடான ரொட்டி கொடுக்கிறார். எது வாழ்க்கைக்கு நெருக்கம் என்று கேளுங்கள். பிறகு மாணவர்களைப் பேச விடுங்கள்.

இந்த வகை எழுத்துக்கு 'அழுக்கு யதார்த்தம்' என்று அதே 1983இல் 'கிராண்டா' இதழ் சூட்டிய பெயரைக் கடைசியில் சொன்னால் போதும். முதலிலேயே சொன்னால் கதையை விட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள்.

கார்வரோடு நிறுத்தவும் கூடாது. வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின மக்களைப் பற்றி எட்வர்ட் பி. ஜோன்ஸ் எழுதிய 'லாஸ்ட் இன் தி சிட்டி' (1992) தொகுப்பிலிருந்து ஒரு கதையாவது அடுத்த வாரமே வகுப்புக்கு வரட்டும்.