மூக்கால் வாங்கு, காதால் கேள்

குன்னூரில் ஆடி மாதம் இசைத்தட்டு வாங்கக் கூடாது என்பதை இருநூறு ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொட்டும் மழையில் ஓடினேன். அட்டைப்பெட்டி நிறைய ரெக்கார்டுகள். மேலேயே எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம், 1963இல் எச்.எம்.வி. வெளியிட்டது. அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டில் பிரித்தால், உறைகளில் எல்லாம் சாம்பல் தூவினாற்போலப் பூசணம். மழைக்காலம் முடிவதற்குள் என் அலமாரியில் இருந்தவற்றுக்கும் அது பரவிவிட்டது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டீ மேக்கர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய்ப் புலம்பினேன். ஒரு தட்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார். "தம்பி, தேயிலைய நாக்குல வைக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாப்போம். நீங்க இதையும் மோந்து பாத்திருக்கணும்."

அன்று தொடங்கிய பழக்கங்கள் இவை.

1. முதலில் முகர்ந்து பாருங்கள். உறையைத் திறந்ததும் ஈரத்துணி வாடை வந்தால் அந்த உறை வேண்டாம். தட்டைக் கழுவிவிடலாம், அட்டையைக் கழுவ முடியாது. புதிதாக வந்ததைப் பத்து நாளாவது தனியே வையுங்கள். வெயில் அடிக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே வாங்குவதற்கு நல்ல காலம்.

2. டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். மூடுபனி நாளில் ஜன்னல் வெளிச்சத்தை நம்பினால் எல்லாத் தட்டும் புதிதுதான். நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கோடுகளை மன்னிக்கலாம். நகம் தடுக்கினால் அந்த இடத்தில் பாட்டும் தடுக்கும். பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறம் தட்டியிருந்தால் கனமான முள் அரைத்துவிட்டது என்று பொருள். எந்தக் கழுவலும் அதை மீட்காது. நடுத்துளையைச் சுற்றி நிறையக் கிறுக்கல் இருந்தால் தட்டு ஓயாமல் ஓடியிருக்கிறது. கடைசியாகக் கண்மட்டத்தில் பிடித்து வளைவு பாருங்கள்.

3. என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு துடையுங்கள். 78 வேகத் தட்டு அரக்கால் ஆனது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இது தெரியாமல் ஒரு தட்டைத் துடைத்தேன். துணி கறுத்தது, பாட்டு போனது. எல்.பி.யும் ஈ.பி.யும் வினைல். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் போதும். லேபிளில் மட்டும் ஈரம் படக் கூடாது. ஊரில் எல்லாவற்றுக்கும் கை நீளும் நீலகிரித் தைலம் இதற்கு ஆகாது. 78க்கு முள்ளும் வேறு. அதன் கோடு அகலம் என்பதால், எல்.பி. முள் அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைக் கூட்டும்.

வெளிவந்த ஆண்டை வைத்தும் பொருளை முடிவு செய்யாதீர்கள். மேல்நாட்டில் 78 வழக்கொழிந்த பிறகும் இந்தியாவில் தயாரிப்பு நிற்கவில்லை. கல்கத்தா அருகே டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாடல்களே 78 தட்டுகளாக வந்தன. இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடுவது அவற்றைத்தான். பங்களாப் பெட்டியில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

4. உறையை நம்பாதீர்கள். பக்கத்திலுள்ள கேத்தி ரயில் நிலையத்தில் முடியும் படமாயிற்றே என்று ஆசையாய் 'மூன்றாம் பிறை' வாங்கினேன். உள்ளே இருந்தது யாரோ பாடிய பஜனை. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் வெற்று வளையம் ஒன்று இருக்கும். அதில் பொறித்த எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று இப்போது பார்க்கிறேன்.

5. நிற்க வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு நெளியும். மழைச்சாரல் படும் சுவரும் ஆகாது, கணப்படுப்பின் பக்கமும் ஆகாது. மலையில் பட்டுப்புடவை அலமாரிக்குள் ஜீரோ வாட் பல்பு எரிய விடுவார்கள். அதே வித்தைதான் எனக்கும். பல்பு கீழ்த்தட்டில், ரெக்கார்டுகள் மேல்தட்டில்.

அந்தப் பெட்டியில் பிழைத்தவை நான்கைந்துதான். சுப்ரபாதம் அவற்றில் ஒன்று. உறையை எரித்துவிட்டதால், வெள்ளைக் காகித உறையில் நானே பெயர் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆடியிலும் அலமாரியைத் திறந்தவுடன் தட்டை எடுப்பதில்லை. முதலில் தலையை உள்ளே விட்டு மூச்சை இழுக்கிறேன். வெறும் காகித வாசம் வந்தால், அன்று காலை எங்கள் வீட்டில் எம்.எஸ். பாடுவார்.