கணினியைப் புதுசாக்கினோம், விபிஎன் வரலையே!



விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் பல அலுவலகங்களில் கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றுகிறார்கள். மாற்றின மறுநாள் காலையில் கணினி முன்னால் உட்காரும் சகோதரி சொல்வது என்ன? "நெட்டு நல்லாத்தான் வருது, விபிஎன் மட்டும் கனெக்ட் ஆகமாட்டேங்குது!"

முதலில் விபிஎன் என்றால் என்ன என்று பார்ப்போம். பௌர்ணமி அன்று நம்ம ஊர் கிரிவலப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 14 கிலோமீட்டரும் ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்தில் குழுவின் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நடப்போமா? மாட்டோம். பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொண்டுபோவோம். சாவி நம்மிடம் ஒன்று, வாங்குபவரிடம் ஒன்று. பாதை எல்லாருக்கும் பொது, பெட்டிக்குள் இருப்பது மட்டும் நமக்கு. விபிஎன் செய்கிற வேலை இதுதான். பொதுவான இன்டர்நெட் வழியாகவே போகும், ஆனால் பூட்டிக்கொண்டு போகும். ஒரு வங்கியோ அலுவலகமோ தன் உள்வலைக்குள் வெளி ஆட்களை இப்படித்தான் விடுவது வழக்கம். எல்லா இணையதளத்துக்கும் இது வேண்டியதில்லை.

சரி, கணினியை மாற்றினால் இது ஏன் கெடுகிறது? விபிஎன் மென்பொருளைப் போடும்போது, அது கணினிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு நெட்வொர்க் கார்டை உண்டாக்கி வைக்கும். அதை ஓட்டுவதற்கு 'டிரைவர்' என்ற சின்ன மென்பொருள் உண்டு. விண்டோஸ் மாறும்போது பழைய டிரைவர் புதுசோடு ஒத்துப்போகாமல் நின்றுவிடலாம். ஃபயர்வால் அமைப்பும் மாறியிருக்கலாம். வீடு மாற்றும்போது பூட்டும் சாவியும் வேறு வேறு மூட்டைக்குள் போய்விடும் இல்லையா, அந்தக் கதைதான். ஆக, பெரும்பாலும் கணினி கெட்டுப்போகவில்லை. 'புதுசு வாங்கணும்' என்று யாராவது சொன்னால் உடனே தீர்மானம் போட்டுவிடாதீர்கள்.

எங்கே தொடங்குவது? விபிஎன் இல்லாமல் ஏதாவது ஒரு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். அதுவே வரவில்லை என்றால் குறை நெட் இணைப்பில். அது வருகிறது என்றால் கணினியின் தேதி, நேரத்தைப் பாருங்கள். இது அற்பமாகத் தெரியும், ஆனால் தேதி தப்பாக இருந்தால் அந்தப் பக்கம் காட்டும் சான்றிதழ் காலாவதி என்று கணினி நினைத்துக்கொண்டு கதவைத் திறக்காது. அடுத்தது ரீஸ்டார்ட். 'ஷட் டவுன்' செய்து மறுபடி போடுவது போதாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஷட் டவுன் செய்தாலும் சில விஷயங்களை அரைத்தூக்கத்தில் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுசாக விழிக்கும்.

இன்னும் வரவில்லையா? திரையில் ஒரு எண் வரும், அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸின் சொந்த விபிஎன் என்றால் 691 என்பது பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. இதற்குத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள், சில அலுவலகங்களில் கணக்கே பூட்டிக்கொள்ளும். 868 என்றால் சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள். 809 என்றால் வழியில் ஃபயர்வாலோ மோடமோ மறிக்கிறது. அப்போது செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துப் பாருங்கள். அதில் விபிஎன் வந்துவிட்டால் கணினி மேல் குற்றமில்லை, மோடம் பக்கம் போகலாம்.

ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை என்றால், விபிஎன் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். எடுப்பதற்கு முன் சர்வர் பெயர், பயனர் பெயர் இரண்டையும் நோட்டில் எழுதிவையுங்கள். சான்றிதழ் ஃபைல் கொடுத்திருந்தால் அது எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பிறகு பழையதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் 11-க்கு ஏற்ற பதிப்பை உங்களுக்கு விபிஎன் கொடுத்த அலுவலகத்திடமே கேட்டு வாங்கிப் போடுங்கள். பழைய பென்டிரைவில் இருப்பதைப் போட்டால் அதே குறைதான் திரும்ப வரும். செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்' என்று ஒன்று உண்டு. அது வைஃபை பாஸ்வேர்டு முதல் எல்லாவற்றையும் துடைத்துவிடும், அதனால் கடைசியாகத்தான் அதைத் தொட வேண்டும்.

சில நேரம் குறை நம் பக்கமே இருக்காது. 2022 ஜனவரி 11 அன்று வந்த விண்டோஸ் அப்டேட்டால் உலகம் முழுக்க ஒருவகை விபிஎன் நின்றுபோனது. ஜனவரி 17-ல் மைக்ரோசாப்டே திருத்தம் வெளியிட்டது. 2024 ஏப்ரல் அப்டேட்டிலும் விபிஎன் சிக்கல் வந்து, மே 14 அன்றுதான் சரியானது. எனவே பக்கத்து ஊர்ச் சகோதரிக்கு ஒரு போன் போட்டு, "உங்களுக்கு வருதா அக்கா?" என்று கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

இந்த நேரத்தில்தான் ஏமாற்றுக்காரர்களும் நுழைவார்கள். "விபிஎன் சரிபண்ணித் தரேன், இந்த ஆப்பைப் போடுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று தானாக போன் வந்தால் உடனே வையுங்கள். அந்த ஆப் மூலம் நம் திரையையே அவன் பார்ப்பான். அந்தத் திரையில் இருப்பது உறுப்பினர்களின் ஆதார் எண்ணும் பாஸ்புக் விவரமும். விளம்பரத்தில் வரும் இலவச விபிஎன்னும் வேண்டாம். அது வேறு யாருடைய கதவையோ திறக்கும், நம் அலுவலகக் கதவைத் திறக்காது. ஏமாந்து பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

எதுவுமே பலிக்காமல் அவசர வேலை நிற்கிறது என்றால், விண்டோஸை மாற்றிய 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் 'ரெக்கவரி' பகுதிக்குப் போய் பழையதற்கே திரும்பலாம். 10 நாள் தாண்டினால் அந்த வழி மூடிவிடும். ஆகவே மாற்றிய தேதியை சாக்பீஸாலாவது மேசை ஓரத்தில் எழுதி வையுங்கள்.