நகலெடுங்கள், யார் சிரித்தாலும்

எங்கள் கம்பெனியின் ஊழியர் வேன் தடங்களுக்கான புரோகிராமை சி மொழியில் எழுதினோம். சிட்லபாக்கத்திலிருந்து ஒரு வேன், சேலையூரிலிருந்து ஒன்று. மேடவாக்கம் தொட்டு சோழிங்கநல்லூர் வரை இரண்டுக்கும் ஒரே நிறுத்தங்கள். ஒவ்வொரு தடமும் ஒரு லிங்க்டு லிஸ்ட். பொதுப் பகுதியைத் தனித்தனியாக நகலெடுத்து ஒட்டலாம் என்றேன். "மெமரி என்ன ஓசியிலயா வருது?" என்று சிரித்த டீம் லீடர், இரண்டு லிஸ்ட்டின் கடைசி பாயிண்டரையும் ஒரே மேடவாக்கம் நோடுக்குத் திருப்பிவிட்டார்.

மல்லாக் போடுவது, கடைசி நோடுவரை நடப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சேலையூர் வேனுக்கு மட்டும் கடைசியில் நாவலூரைச் சேர்த்தார்கள். சிட்லபாக்கம் வேனிலும் நாவலூர் முளைத்தது. சிட்லபாக்கம் ஏரியின் உபரி நீர் செம்பாக்கம் ஏரியில் கலந்த பிறகு அதை மட்டும் தனியே மொண்டெடுக்க முடியுமா?

அதையாவது பொறுக்கலாம். பிறகு சேலையூர் தடத்தையே நீக்கினார்கள். நீக்கும் ஃபங்ஷன் தலையிலிருந்து வால்வரை ஒவ்வொரு நோடையும் ஃப்ரீ செய்தது. சிட்லபாக்கம் லிஸ்ட்டோ அதே முகவரிகளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. உடனே விழுந்திருந்தால் புண்ணியம். அந்த இடத்தில் வேறு தகவல் வந்து உட்காரும்வரை ஒழுங்காக ஓடுவதுபோல் நடித்துவிட்டு, நடுராத்திரியில் விழுந்தது. போன் வந்தது டீம் லீடருக்கு அல்ல, எனக்கு. விடுவித்த மெமரியைப் படிக்கிறது என்று வால்கிரைண்டில் ஓட்டிக் காட்டினேன். மிச்சம் பிடித்த மெமரி? நோடுக்கு 40 பைட், 12 நிறுத்தம்: 480 பைட்!

பகிரவே கூடாது என்பதில்லை. லிஸ்ப்பின் அப்பெண்ட், முதல் லிஸ்ட்டை நகலெடுத்துக் கடைசி லிஸ்ட்டை அப்படியே பகிர்கிறது. பிறகு யாரும் அதில் கைவைக்காதவரை பத்திரம். சி++ ஸ்ப்ளைஸ் நோடுகளைப் பெயர்த்தெடுத்து, கொடுத்த லிஸ்ட்டிலிருந்து நீக்கிவிடுகிறது. சொந்தக்காரர் யார் என்ற சண்டையே இல்லை. ஜாவாக்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். ஆட்ஆல் புது நோடுகள் கட்டும், உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் பழையதேதான். அதில் மேடவாக்கம் நேரத்தை 7.40 என்று மாற்றினால் இரண்டு லிஸ்ட்டிலும் 7.40.

ஒட்டும் ஃபங்ஷனுக்கு மேலே ஒரு வரி கமெண்ட் எழுதுங்கள்: இரண்டாவது லிஸ்ட்டை ஃப்ரீ செய்யும் பொறுப்பு யாருடையது? டீம் லீடர் அதை எழுத மறுத்தார். இப்போது நகலெடுக்கும் ஃபங்ஷன் என் பெயரில் இருக்கிறது. மெமரி பற்றி அவர் வாய் திறப்பதில்லை.