நீச்சல் வகுப்பு இல்லாத ஊரில் நீர்ப் பாதுகாப்புப் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில் என் இரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். கல்குவாரிக் குட்டையில் குளிக்கப் போன மாணவன். அதன் பிறகுதான் இந்தப் பாடத்தைத் தொடங்கினேன்.

நகரங்களில் மூன்று வயதுக் குழந்தைக்கே தனிப் பயிற்சியாளரிடம் நீச்சல் கற்பிக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அந்த வயதில் கற்ற நீச்சலை நம்பிக் குழந்தையைத் தனியே விட முடியாது. ஆறு வயதைக் கடந்த பள்ளிக் குழந்தைகளுக்கு நீச்சலுடன் நீர்ப் பாதுகாப்பும் மீட்பு முறையும் கற்பிக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பின்னிரண்டுக்கும் நீச்சல் குளம் தேவையில்லை, வகுப்பறையிலேயே தொடங்கலாம்.

செயல்பாடு 1: தரையில் சுண்ணக்கட்டியால் ஊர்ப்படம் வரையுங்கள். நீர்நிலைகளைக் குழந்தைகளே குறிக்கட்டும். நான் அறியாத இரண்டு தரைக்கிணறுகளை என் மாணவர்கள் காட்டினார்கள்.

செயல்பாடு 2: நடிப்பு. ஒருவர் தத்தளிக்க, மற்றவர்கள் "கத்து, எறி, குதிக்காதே" என்று சொல்லியபடி பெரியவர்களைக் கூப்பிட்டு, மிதக்கும் காலிக்குடத்தை எறிய வேண்டும். நண்பனைக் காப்பாற்றக் குதித்து இருவருமே மூழ்கிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

செயல்பாடு 3: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் பேசுங்கள். முன்பெல்லாம் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டு, மாமாவோ சித்தப்பாவோ கிணற்றில் கூடவே இறங்கினார்கள். இன்று பிளாஸ்டிக் கேன் இருக்கிறது. கூட இறங்கும் ஆள் இல்லை.

ஜூலை 25 உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள். அதுவரை காத்திருக்காமல், கோடை விடுமுறைக்கு முந்தைய வாரமே இப்பாடத்தை நடத்திவிடுகிறேன்.